லூசி அப்பா போட்ட கண்ணாடி

...அதான் கேக்கறேன், மனுசனைப் பாத்துப் பேசறதா, கண்ணாடியைப் பாத்துப் பேசறதா? நீயே சொல்லும்மா! ...ஐயோ, இல்ல இல்ல, உன்னைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். நீ பாவம், நகந்து எடம் குடுத்த புள்ள. கோலாலம்பூர் ஸ்டேசன்ல ஏறினப்போ இந்தப் பெட்டியில நிக்க எடம் இருந்துச்சா? ஒருத்தன் கோழிக்கூடையை சீட்டுல வச்சிட்டு அவன் கீழ உக்காந்திருக்கான். நீதான் 'வாங்க ஆன்டி'ன்னே. சரி, புள்ளகிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லலாம்னு உன் மொகத்தைப் பாக்கறேன்... மொகத்தையே காணோம். ரெண்டு சன்னல்தான் தெரியுது. ரெண்டுலயும் ரப்பர் தோட்டத்து கித்தா மரமா ஓடுது. நான் யார்கிட்டம்மா பேச? கித்தா மரத்துகிட்டயா?

அதனால கோச்சுக்காதே. உன் காதைப் பாத்துத்தான் பேசுவேன். காது நல்லாத்தான் இருக்கு. தோடுதான் கொஞ்சம் சின்னது.

டீச்சரா? கிள்ளான்லயா? ...அதான பாத்தேன். படிச்சவங்களுக்குத்தான் இந்த வியாதி வருது. எங்க வீட்டுலயும் வந்துச்சு. வந்து குடும்பத்தையே கெடுத்துட்டுப் போச்சு. எங்க போச்சு, இன்னும் அவரு மூக்கு மேலதான் உக்காந்திருக்கு!

எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி. பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்ஸ்லதான் வீடு. அவரு பேரு... கட்டுன பொண்டாட்டி வாயால சொல்லக்கூடாதே. நெஞ்சுக்குள்ள கெடந்து துடிக்குமே, அது... ஆங்! அதேதான். பேருக்கேத்த மனுசன். உடம்பு முழுக்க இருதயம்தான், தலையில ஒண்ணுமே... ஐயையோ, சொல்லிட்டேன்! மாதாவே மன்னிச்சுக்க. நீ கேக்காத மாதிரி இருந்துக்கம்மா.

தங்கமான மனுசன்தான். குத்தம் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கொறைதான், 'இல்ல'ன்னு சொல்ல வாய் வராது. யாரு என்ன கேட்டாலும் 'ஆகட்டும்'. கொடையைக் கேட்டா ஆகட்டும். ஏணியைக் கேட்டா ஆகட்டும். எங்க கல்யாணத்தன்னிக்கு எவனோ வந்து மாப்பிள்ளை செருப்பைக் கேட்டிருக்கான், குடுத்துட்டு வெறுங்காலோட கோயிலுக்குள்ள வந்து நிக்கிறாரு! நான் வந்த பொறவுதான் அந்த வீட்டுல 'இல்ல'ங்கற வார்த்தையே வந்துச்சு. ஆனா பொம்பள நான் நாலு பேரு முன்னாடி வாயைத் தொறந்து சொல்ல முடியுமா? சாந்தமேரி ராங்கிக்காரின்னு பேராயிடாது? அதுக்குத்தாம்மா ஆண்டவரு கண்ணைக் குடுத்திருக்காரு.

கண்ணாலயே நடத்தினேன் குடும்பத்தை. ஒரு புருவத்தைத் தூக்கினா, எந்திரிங்க போகலாம். கண்ணைக் கீழ எறக்கினா, போதும் சாப்பிட்டது, அவங்களுக்கும் கொஞ்சம் வையுங்க. கண்ணை உருட்டினா, வாயைக் குடுக்காதீங்க, மாட்டிக்கிட்டீங்க. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடினா முடியாதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். பூசையில அவரு ஆம்பளைங்க பக்கம், நான் பொம்பளைங்க பக்கம். பிரசங்கத்துல தலை தொங்குச்சுன்னா இங்கேர்ந்து ஒரு பார்வை விடுவேன், அங்க நிமிந்து உக்காருவாரு. அவரு பக்கத்துல தூங்கறவனும் நிமிருவான்!

இப்படி இருந்த குடும்பம்மா.

தலைவலி தலைவலின்னாரு. ஆபீஸ் தொரை டாக்டருகிட்ட அனுப்பினாரு. டாக்டரு கண்ணாடி போடச் சொன்னாரு. கோலாலம்பூர் பத்து ரோடு கடைத்தெருவுல ஒரு சீனன் கடையில வாங்கிப் போட்டுக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றாரு. எதுத்தாப்புல வெயிலு. மொகம் இருக்கற எடத்துல ரெண்டு நெருப்பு வட்டம் நிக்குது. நான் யாரோ சர்க்கார் ஆளுன்னு நெனைச்சு, 'துவான், வீட்டுல ஆம்பளை இல்ல'ன்னு கதவைச் சாத்திட்டேன். வெளிய நின்னு, 'நான்தான் சாந்தி, நான்தான் சாந்தி'ங்கறாரு. கொரலு அவரு கொரலு. ஆனா ஆளு?

மறுநாளே ஆரம்பிச்சுது. அடுத்த வீட்டு அய்யாவு வந்து, 'கிராணியாரே, ஊர்லேர்ந்து மச்சான் வந்திருக்கான், ஒரு சாவல் இருந்தா குடுங்க'ன்னான். ஒரு சாவலா? அது நான் ஈஸ்டருக்குன்னு ஊட்டி ஊட்டி வளத்த சாவல்! நான் கதவோரமா நின்னு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடினேன். தொறந்து பாக்கறேன், அய்யாவு சாவலோட படியெறங்குறான். 'ஏங்க, நான் கண்ணை மூடினேனே, பாக்கலியா?'ன்னு கேட்டா, 'தூசி விழுந்துருச்சோன்னு நெனைச்சேன்'ங்கறாரு.

பாத்தியா? என் பார்வை போய்ச் சேரல. கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்துருச்சு! நெசமாத்தாம்மா. நான் கண்ணை உருட்டி அவரைப் பாக்கறேன்னு வையி, எனக்கு என்ன தெரியுது? ரெண்டு சாந்தமேரி நின்னு என்னையே மொறைக்கிறாளுங்க. எனக்கே பயமாயிடுச்சு ஒரு தரம்.

அப்புறம் மாரிஸ் மாமா. இவருக்கு ஒண்ணுவிட்ட மாமா. கிறிஸ்மஸுக்கு வந்தாரு, கையில ஒரு கிளாரினெட். புதுவருசம் கழிஞ்சுது, மூட்டையைக் கட்டற மாதிரி ஒரு பேச்சு எடுத்தாரு. நான் கண்ணை உருட்டறேன், புருவத்தைத் தூக்கறேன், மூடறேன், தொறக்கறேன்... இவரு என்னை நேராப் பாத்துக்கிட்டே, 'இருங்க மாமா, என்ன அவசரம், ஈஸ்டர் முடிச்சிட்டுப் போங்க'ங்கறாரு! ...எந்த ஈஸ்டரா? அது முடிஞ்சு போச்சும்மா. இன்னும் இருக்காரு. காலையில ஒரு தரம், அந்தியில ஒரு தரம் வாசிக்கறாரு. கோட்டர்ஸ் நாயெல்லாம் கூடவே பாடுது.

நான் சும்மா இருந்தேன்னா நெனைக்கறே? இருமிப் பாத்தேன். ஒரு இருமல்னா வேணாம், ரெண்டு இருமல்னா எந்திரி. அவரு போயி சுக்குக் கசாயம் வச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. விருந்தாளி முன்னாடி அதைக் குடிச்சு முடிச்சேன். சரி, காலால மிதிப்போம்னு பாத்தேன். பங்குச் சாமியாரு சாப்பிட வந்திருந்தாரு. திருநாளுக்கு சப்பரம் தூக்க இவரைக் கேக்கறாரு. இவருக்கோ முதுகுப் பிடிப்பு. நான் மேசைக்கு அடியில ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன். இவரு 'ஆகட்டும் சாமி'ங்கறாரு. இன்னொரு மிதி. சாமியாரு கரண்டியைக் கீழ வச்சிட்டாரு... அவரு பூட்ஸும்மா அது! அவரும் கண்ணாடி போட்டவரு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்ன நெனைச்சாரோ, யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பூரா பொம்பளைங்க அடக்கத்தைப் பத்தித்தான்.

'கழட்டி வச்சிட்டுப் பேசுங்க'ன்னும் சொல்லிப் பாத்தேன். கழட்டினாரு. அவரு கண்ணு தெரிஞ்சுது, அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா கதவுப் பக்கம் தொங்கின என் சேலையைப் பாத்துப் பேசறாரு! போட்டா எனக்கு அவரு கண்ணு தெரியல. கழட்டினா அவருக்கு நானே தெரியல. 'முன்னெல்லாம் கண்ணாடி இல்லாமயே நான் சொன்னதெல்லாம் தெரிஞ்சுதே?'ன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'முன்னயும் மங்கலாத்தான் இருக்கும் சாந்தி. நீ என்ன சொல்றேன்னு தெரியாது. எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்குவேன்'னாரு. பேச்சைப் பாரு! இவ்வளவு வருசம் நான் கண்ணால பேசினதெல்லாம் யாருக்கும்மா?

இது எந்த ஸ்டேசன்? பெட்டாலிங்கா? ...பத்து தீகாவா! அதுக்குள்ளயா? இரு, முக்கியமானதையே இன்னும் சொல்லல.

எனக்கு ஒரே பொண்ணு, லூசி. கிள்ளான்லேர்ந்து ஒரு வரன். பையன் பேரு கொர்னேலியஸ், துறைமுக ஆபீஸ்ல வேலை. பொண்ணு பாக்க வர்றோம்னாங்க. நான் இவருகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். 'பாத்துட்டுப் போகட்டும். இன்னிக்கு ஒரு வார்த்தையும் குடுத்துடாதீங்க. விசாரிச்சு அப்புறம் சொல்லி அனுப்பலாம்.' சரி சரின்னு தலையாட்டினாரு.

வந்தாங்க. அப்பா உள்ள வந்தாரு, கண்ணாடி. அம்மா மகதலேனா, கண்ணாடி. பின்னால அத்தைக்காரி ஒருத்தி, கண்ணாடி. கடைசியா மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சு நுழையறான், நிமிந்தான்... கண்ணாடி! அதைத் தவிர நாலு பேருக்கும் ஒரு ஒத்துமையும் கெடையாது, ஆனா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க. பெஞ்சில வரிசையா உக்காந்தாங்க. எதுத்த சன்னல் வெளிச்சம் அத்தனை கண்ணாடியிலயும் அடிக்குது. இவரும் இந்தப் பக்கம் நாற்காலியில கண்ணாடியோட. நான் எங்க போவேன்? சாதாரணமா ஒரு பொம்பளை கண்ணை நான் ஒரு தரம் பாத்தாப் போதும், மருமகளுக்கு சோறு போடுவாளா, சொல்லிக் காட்டிப் போடுவாளான்னு சொல்லிடுவேன். அந்த மகதலேனா சிரிக்கறா, வாயி சிரிக்குது. கண்ணு? சன்னலு!

காப்பி குடுத்தேன். நல்ல கொதிக்கக் கொதிக்க. அதுதாம்மா நடந்துச்சு. நாலு பேரும் ஒரே நேரத்துல டம்ளரை வாய்க்குக் கொண்டு போனாங்க. ஆவி அடிச்சுது பாரு... நாலு பேரு கண்ணாடியும் வெள்ளையாயிடுச்சு! முட்டை ஓட்டை ஒட்டி வச்ச மாதிரி. வெள்ளைக்கண்ணோட நாலு பேரு பேசாம உக்காந்து காப்பி குடிக்கறாங்க. வேற எடமா இருந்தா செபமாலையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன். எங்க வீட்டுக்காரரு மட்டும் குடிக்கல. அவரு ஆத்தி ஆத்தி, பச்சத்தண்ணி ஆன பொறவுதான் வாயில வைப்பாரு.

எனக்கு சட்டுன்னு ஒரு யோசனை. இப்ப இவங்க யாருக்கும் நான் தெரிய மாட்டேன்! இவரு மட்டும் பாத்தாப் போதும். சின்னச் சாடையெல்லாம் இனி ஆகாதுன்னு, இவருக்கு நேரா நின்னு ரெண்டு கண்ணையும் மூடி, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, ரெண்டு கையையும் தூக்கி ரயிலை நிறுத்தற மாதிரி 'வேணாம் வேணாம்'ன்னு வீசறேன். காவடி எடுத்தவங்க கூட அப்படி ஆடியிருக்க மாட்டாங்க.

அப்பத்தாம்மா இவரு கொரலு கேக்குது. 'எங்களுக்கு முழுச் சம்மதம்!'

கண்ணைத் தொறக்கறேன். இவரு என்னை நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் பக்கம் மகதலேனாவுக்கு ஆவி விலகிடுச்சு போல. நான் கையைத் தூக்கி, கண்ணை மூடி நின்னதைப் பாத்திருக்கா. 'பாத்தீங்களா, சம்பந்தியம்மா ஆண்டவரைக் கூப்பிட்டு செபம் பண்றாங்க!'ன்னு அவ கண்ணைத் தொடைச்சிக்கிறா, கண்ணாடிக்கு அடியில வெரலை விட்டு! தொடைச்சிட்டு, லூசிக்குன்னு ஒரு பட்டுச்சேலையை எடுத்து என் தூக்கின கையிலயே வச்சா. நான் என்ன பண்ண? தூக்கின கையை எறக்கினேன்.

இன்னொண்ணு சொல்லணும். அந்த ஆவியில மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சான். கதவுப் பக்கம் லூசி. அவன் தலையைத் தூக்கி அவ நிக்கற பக்கமாப் பாத்தான். அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும் சொல்லு? கதவும் லூசியும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா இவ சிரிச்சா. எம்மா... நான் பெத்து வளத்த புள்ள, அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. அப்படியே திரும்பினா. நான் கையை வீசிக்கிட்டு நிக்கறேன். அதைப் பாத்தா. சிரிப்பு போச்சு.

அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல. 'சோறு வச்சிருக்கு', 'தண்ணி வந்துருச்சு', அவ்வளவுதான். அதுவும் செவுத்தைப் பாத்து.

நான் என்ன எதிரியா அவளுக்கு? பையன் நல்லவன்தான், விசாரிச்சேன். குடிக்க மாட்டான், கடன் கெடையாது. ஆனா யோசிச்சுப் பாரு டீச்சர். அந்த வீட்டுக்குப் போயி என் புள்ள ஒரு மூலையில நின்னு அழுதாள்னா... அந்தக் கண்ணாடிங்க பாக்குதா இல்லியான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குக் கோவமா, வருத்தமா, பசியா, எதைப் பாத்து கண்டுபிடிப்பா? எங்க வீட்டுல ஒருத்தரு மாட்டிக்கிட்டே நான் இந்தப் பாடு படறேன். அங்க வீடு பூரா!

நாளைக்கு ஞாயிறு. கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கறாங்க. 'இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும்'னு சாமியாரு வாசிச்சிட்டா அப்புறம் யாரு வாயை அடைக்க முடியும்? அதான் இன்னிக்கே கெளம்பிட்டேன். இந்தக் கூடையில இருக்கே, அந்தச் சேலைதான். கொண்டு போயி மகதலேனா கையில குடுத்து, 'மன்னிச்சுக்குங்க, எங்களுக்கு இஷ்டமில்ல'ன்னு மொகத்தைப் பாத்து... எந்த மொகத்தை? சரி, காதைப் பாத்து சொல்லிட்டு வந்துடப்போறேன்.

இவருகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன், திருட்டுத்தனமா ஒண்ணும் இல்ல. ஆபீசுக்குக் கெளம்பிக்கிட்டு, வேட்டி முனையால கண்ணாடியைத் தொடைச்சிக்கிட்டு இருந்தாரு. 'சேலையைத் திருப்பிக் குடுக்கப் போறேன்'னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, 'போறதுக்கு முன்னாடி லூசி மொகத்தை ஒரு தரம் பாத்துட்டுப் போ'ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! 'மொகத்தைப் பாக்கறதைப் பத்தி நீங்க சொல்றீங்களா? நீங்க என் மொகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு?'ன்னேன். அதுக்கு அவரு, 'நான் எங்க பாக்காம இருக்கேன்? நல்லா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்'னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. கேட்டியா? பாத்துக்கிட்டே இருக்காராம்! பாக்கற லட்சணம்தான் தெரியுதே, சாவல் போச்சு, கிளாரினெட் வந்துச்சு...

என்னம்மா? ...ஏதோ சொல்ல வந்தே. சொல்லு, சொல்லு. கோலாலம்பூர்லேர்ந்து இப்பத்தான் வாயைத் தொறக்கறே.

...ஆமா, கண்ணாடி போட்டா...

...ஆமா...

...நல்லாத் தெரியுமா? என்ன நல்லா? ...இரு, அதோ பதாங் ஜாவா ஸ்டேசன் பலகையா? அது எழுத்தா? நான் ஏதோ கரின்னு நெனைச்சேன். உனக்கு இங்கேர்ந்தே படிக்க முடியுதா! ...அந்தப் பலகை மேல உக்காந்திருக்கற குருவியுமா?

ம்.

இரு... இரு இரு. அப்ப நான் உன் மொகத்தைப் பாத்தா எனக்கு சன்னல் தெரியுது. நீ என் மொகத்தைப் பாத்தா... உனக்கு சன்னலு தெரியாதா? ...நான் தெரியறேனா? முழுசாவா? ...மூக்குத்திக்குப் பக்கத்துல மருவா! ஆமா, இருக்கு. எங்கம்மாவுக்கும் அங்கதான் இருந்துச்சு.

அப்ப நான் கதவோரமா நின்னு கண்ணை மூடினது... அவருக்குத் தெரிஞ்சிருக்கும்? ...மாரிஸ் மாமாவுக்கு நான் கண்ணை உருட்டினது? ...அதுவுமா? புருவத்தைத் தூக்கினது? ...எல்லாமா?

ஐயோ மாதாவே. அன்னிக்கு அவரு காப்பியே குடிக்கல! அவரு கண்ணாடியில ஏதும்மா ஆவி? நான் நேரா நின்னு, ரெண்டு கையையும் வீசி... அவ்வளவையும் பாத்துக்கிட்டு, அவ்வளவையும் நல்லாத் தெளிவாப் பாத்துக்கிட்டு, முழுச் சம்மதம்! தூசி விழுந்துச்சாமே தூசி! கசாயம் வச்சுக் குடுத்தாரே எனக்கு!

மங்கலாத் தெரிஞ்ச வரைக்கும் பயந்து கெடந்தாரு. நல்லாத் தெரிஞ்சதும் பயம் விட்டுப்போச்சு! நான் பைத்தியக்காரி, 'இல்ல'ன்னு சொல்லத் தெரியாத மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். சொல்லியிருக்காரேம்மா! எங்கிட்டதான் 'இல்ல' சொல்லியிருக்காரு!

...அப்ப லூசி சிரிச்சதையும் பாத்திருப்பாரு. அவரு உக்காந்த எடத்துலேர்ந்து கதவு நேராத் தெரியும்.

ம்... பாத்திருக்காரு.

...என்ன, கிள்ளான் வந்துருச்சா? கோழிக்காரனே, கூடையை எடுப்பா, எறங்கணும்! ...நீ போம்மா, உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. சனிக்கெழமையில என்ன பள்ளிக்கூடமோ... எம்மா டீச்சர், ஏன் அப்படி ஓடறே, படி வழுக்கும்! ...நானா? நான் டவுனுக்கு வரல. இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறப்போறேன். அண்ணே, கோலாலம்பூர் போற வண்டி எப்ப? ...நிக்குதா? இருங்க, கொடியைக் காட்டிடாதீங்க!

திரும்பி நின்னு என்னம்மா கேக்கறே, மகதலேனாவா? அவ எங்க ஓடிடப்போறா? நாளைக்கு ஓலையை வாசிச்சிட்டுப் போகட்டும், எனக்கு இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல. சேலையைக் கசங்காமக் கொண்டு போகணும், மடிப்பு கலைஞ்சா லூசி கத்துவா. ...கத்தட்டும், அப்படியாச்சும் வாயைத் தொறக்கட்டும். ஆபீசு மத்தியானத்தோட விட்டுரும். அந்த மனுசன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் போயி வாசல்ல நிக்கணும்.

...என்ன சொல்லப்போறேனா? ஒண்ணும் சொல்ல மாட்டேன்ம்மா! வாயையே தொறக்க மாட்டேன். இப்படி... இப்படி நின்னு பாக்கப்போறேன். பாக்கட்டும். நல்லாத்தான தெரியுது அவருக்கு? நல்லா பாக்கட்டும்!